பெக்டரி மூடியதிலிருந்து அப்பா சரியில்லை: அட்ஜஸ்ட்மென்ட் டிஸோடருக்கு மாத்திரை மட்டும் போதுமா?

மஸ்கெலியா மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றிக் கேட்க வந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ஆனால் பாதியை விட்டுவிட்டுச் சொன்னால் விஷயம் விளங்காது.

அப்பாவுக்கு 53 வயது. எங்கள் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் இளவட்டமாக இருந்த காலத்திலிருந்தே வேலை. முதலில் ரோலரில், பிறகு டிரையரில். வாட்டுக்குப் போட்ட கொழுந்து பதத்துக்கு வந்ததும் நடுச்சாமத்திலேயே ரோலர் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் அப்பாவுக்கு இரவுதான் பகல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு டோர்ச்சோடு பனிக்குள் இறங்கிப் போவார், நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்துக்குத் திரும்பி வருவார். புளிக்கப் போட்ட தேயிலையை முகர்ந்து பார்த்தே "இப்ப எடுக்கலாம்" என்று சொல்லிவிடுவார். டீமேக்கர் ஐயாவே அவரைக் கூப்பிட்டுக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

போன ஆடி மாதம் பெக்டரியை மூடிவிட்டார்கள். கொழுந்தை இப்போது லொறியில் ஏற்றி வேறு தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள். அப்பாவை மலைக்குப் போட்டார்கள். புல்வெட்டு, மருந்தடி, கவ்வாத்து, அன்றைக்கு எது சொல்கிறார்களோ அது. மலை வேலையை அவர் ஒருநாளும் குறைவாக நினைத்தவர் இல்லை. அம்மா கொழுந்து எடுத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். ஆனால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் போய் நின்று, தன் மகன் வயதுப் பையன் பேர் போடுவதற்குக் காத்திருப்பதுதான் அவரால் முடியவில்லை.

ஒரு மாதம் போவதற்குள் ஆளே மாறிவிட்டார். சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு விழித்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார். சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுகிறார், அப்புறம் தனியாகப் போய் அழுகிறார். வாரத்தில் பாதி நாள் வேலைக்குப் போவதில்லை. முன்பு தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் குடித்தவர் இப்போது பொழுது சாய்ந்தால் தேடுகிறார். அம்மாவிடம் ஒரு நாள், "இனி நான் எதுக்கு" என்று சொன்னாராம்.

தம்பியும் நானும் கெஞ்சி வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனோம். சீனி, தைரொயிட் எல்லாம் பார்த்தார்கள், குறை ஒன்றுமில்லை. மனநல கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டர் இதற்குப் பெயர் அட்ஜஸ்ட்மென்ட் டிஸோடர், பெரிய மாற்றத்துக்கு மனம் ஈடுகொடுக்க முடியாமல் வரும் கோளாறு என்றார். இரண்டு வாரத்துக்கு ராத்திரி போட ஒரு சின்ன மாத்திரை, அடுத்த கிளினிக் திகதி, உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) வரச் சொல்லி ஒரு துண்டு. டொக்டர் அன்பாகத்தான் பேசினார், ஆனால் சிங்களத்தில். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். மகள் முன்னால் அப்பா எதைத்தான் சொல்வார்?

உளவளத்துணை என்றதும் அப்பா கேட்ட கேள்வி: "பேசினா பெக்டரியத் தொறந்துருவாங்களா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மாத்திரை மட்டும் போதுமா? பேசுவதில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? அத்தை குறி சொல்லும் கோடாங்கியைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். தங்கச்சிக்கு வரன் பார்க்கும் நேரம், கிளினிக் கொப்பியை யாரும் பார்த்தால் என்ன பேசுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார். இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தலவாக்கலை:

தங்கச்சி, முதலில் ஒன்று. அப்பாவை அங்கே வரை கூட்டிப் போனீர்களே, அதுவே பெரிய காரியம். எங்கள் பக்கத்தில் இப்படியான ஆட்களைக் கடைசி நேரத்தில்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

என் மச்சான் வெளிநாட்டில் வேலை போய்த் திரும்பி வந்தபோது கிட்டத்தட்ட இதே நிலைதான். அவருக்கும் தூக்க மாத்திரை கொடுத்தார்கள், தூக்கம் வந்தது. பிறகு அந்தத் துண்டையே காட்டிக் காட்டி டவுன் பார்மசியில் தானாக வாங்கிப் போட ஆரம்பித்துவிட்டார். அதை விடுவிக்கத்தான் வீட்டில் படாத பாடு பட்டார்கள். மாத்திரை உங்கள் அம்மா கையில் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பண்டாரவளை:

மகள், நான் மனநலப் பிரிவில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்ல வேண்டும்.

"இனி நான் எதுக்கு" என்றாரே, அதை விட்டுவிடாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டதும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு பாரம் இறங்கும். இந்தக் கோளாறு லேசானது என்று பெயர் வாங்கியிருக்கிறது, ஆனால் இதிலும் உயிர் போயிருக்கிறது. எனவே "அட்ஜஸ்ட்மென்ட்தானே, போகப் போகச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் அசட்டையாக இருக்க வேண்டாம்.

மருந்தடிக்கப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தோ களைமருந்தோ காம்பராவில் இருந்தால் இன்றைக்கே வெளியேற்றுங்கள். தோட்டத்தில் மருந்தடி வேலையை அவருக்குப் போட வேண்டாம் என்று தோட்டத்துச் சங்கத் தலைவர் மூலமாகச் சொல்லுங்கள். நம் நாட்டில் 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட், டைமெதோவேட், பென்தியோன் ஆகிய மூன்றையும் படிப்படியாகத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகு தற்கொலைச் சாவுகள் நன்றாகவே குறைந்தன. அந்த எண்ணம் பல பேருக்கு அலைபோல் வந்து போய்விடும். வரும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் மனிதர் தப்பிவிடுகிறார். வார்ட்டில் நான் கண்ணால் பார்த்தது இது.

அடுத்தது குடி. தூக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரை பெரும்பாலும் டயசிபாம், குளோனசிபாம் போன்ற வகையாக இருக்கும். அதோடு சாராயம் சேர்ந்தால் மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் குடிப்பதை டொக்டரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லையென்றால் அடுத்த திகதி வரை பொறுக்காமல் போய்ச் சொல்லுங்கள்.

சரி, இந்த நோய் என்னவென்று பார்ப்போம். வாழ்க்கையில் ஒரு பெரிய மாற்றமோ இழப்போ வருகிறது. வேலை, வீடு, ஊர், பிரிவு, எதுவாகவும் இருக்கலாம். அதற்குப் பின் 3 மாதத்துக்குள், பலருக்கு முதல் மாதத்திலேயே, மனம் அதையே சுற்றத் தொடங்குகிறது. அன்றாட வேலை, சாப்பாடு, தூக்கம், உறவு எல்லாம் குலைகிறது. காரணமும் அதன் விளைவுகளும் தீர்ந்த பிறகு பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தணிந்துவிடும். உங்கள் அப்பா விஷயத்தில் கவனிக்க வேண்டியது அந்த "விளைவுகளும்" என்பதைத்தான். பெக்டரி மூடியது ஒரு நாளில் நடந்தது. பெரட்டு தினமும் நடக்கிறது. காலையில் மறுபடி மறுபடி அதே புண்ணில் படுகிறது. அப்படியிருக்க, மாதங்களை எண்ணிக்கொண்டு சும்மா காத்திருந்தால் போதாது.

மாத்திரையைப் பற்றி. இந்தக் கோளாறைத் தீர்ப்பதற்கென்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் கிடையாது. உங்கள் டொக்டர் கொடுத்தது தூக்கமின்மைக்கு, அதுவும் குறுகிய காலத்துக்கு. இரண்டு வாரம் என்று எழுதியிருப்பது சரியான முறை. நீண்ட நாள் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும், பழகிய பின் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மனச்சோர்வு நோய்க்கான மாத்திரைகளை இதற்கு வழக்கமாக முதலில் கொடுப்பதில்லை. ஆனால் நாள் முழுக்கச் சோகம், எதிலும் பிடிப்பில்லாமை, மெலிவு, குற்ற உணர்ச்சி என்று இரண்டு வாரத்துக்கு மேல் ஓயாமல் நீடித்தால் நோயின் பெயரே மாறும், சிகிச்சையும் மாறும். அதைப் பார்ப்பதற்காகத்தான் திரும்ப வரச் சொல்கிறார்கள். திகதியைத் தவற விடாதீர்கள்.

முதன்மையான சிகிச்சை பேச்சுத்தான். அப்பாவின் கேள்வி நியாயமான கேள்வி. பேசினால் பெக்டரி திறக்காது. அதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லலாம். நல்ல உளவளத்துணையாளர் "கவலைப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். அவர் முதலில் கேட்பார். முப்பது வருஷத்துக் கைப்பழக்கமும் மூக்குப் பழக்கமும் ஒரே நாளில் யாருக்கும் வேண்டாமல் போனதை அப்பா யாரிடம் முழுதாகச் சொல்லியிருக்கிறார்? அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவார், உங்களிடம் சொன்னால் தகப்பன் என்ற கௌரவம் இடிக்கும். வெளி ஆள் ஒருவரிடம் அதைச் சொல்லி முடிப்பதே பாதி வேலை.

அப்புறம் பிரச்சினையைப் பிரித்து எடுப்பார்கள். அப்பாவின் தலைக்குள் இப்போது எல்லாம் ஒரே கட்டியாகக் கிடக்கிறது: பெக்டரி போனது, பெரட்டு அவமானம், தங்கச்சி கல்யாணம், தூக்கம், குடி, 55 வயது வரை ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கையில் வராதது. இதில் நம்மால் மாற்ற முடியாதது எது, முடிந்தது எது என்று தனித்தனியாக வைப்பார்கள். முடிந்ததில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு என்னென்ன வழி என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, ஒரு வழியை அந்த வாரம் செய்து பார்க்கச் சொல்வார்கள். அடுத்த முறை அது என்ன ஆனது என்று கேட்பார்கள். வேலை சம்பந்தமாக இந்தக் கோளாறு வந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2012இல் கொக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு தொகுத்துப் பார்த்தது. இப்படிப் பிரச்சினையைத் தீர்க்கப் பழக்கும் முறையில் ஆட்கள் கொஞ்சம் முன்னதாகப் பகுதி வேலைக்காவது திரும்பினார்கள். முழு வேலைக்குத் திரும்புவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பலன் மெதுவாகத்தான் வரும், ஆனால் அப்பாவுக்கு இப்போது வேண்டியது அதுதான்.

உங்கள் அப்பா விஷயத்தில் நானாக இருந்தால் முதலில் எடுப்பது, கொழுந்து போகும் அந்த மற்றப் பெக்டரியை. அங்கே இவர் கைக்கு இடம் இருக்கிறதா என்று தலைவரைத் தோட்டத்துத் துரையிடம் (மனேஜரிடம்) கேட்கச் சொல்லுங்கள். கிடைக்காமல் போகலாம். ஆனால் யாரும் கேட்கவே இல்லை என்பதும், கேட்டோம், இல்லை என்றார்கள் என்பதும் அப்பாவுக்கு ஒன்றல்ல.

தூக்கத்தை நோயாக மட்டும் பார்க்காதீர்கள். காலமெல்லாம் நடுச்சாமத்தில் விழித்த உடம்பு இரண்டு மணிக்கு எழும்புவது அதிசயமா? எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுப்புங்கள், எழுந்ததும் வெளிச்சத்தில் நடக்க விடுங்கள். பகல் தூக்கமும், பின்னேரத்துக்குப் பிறகு சாயத்தண்ணியும் வேண்டாம். வாரக்கணக்கில் ஆகும், ஆனால் திருந்தும்.

கோடாங்கி விஷயம். அத்தைக்கு அது நம்பிக்கை என்றால் சண்டை போடாதீர்கள். கிளினிக் திகதியைத் தள்ளக் கூடாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது, கடன் வாங்கக் கூடாது. இந்த மூன்றையும் அத்தை ஒப்புக்கொண்டால் போகட்டும். கோவிலில் நாலு பேரோடு உட்கார்ந்திருப்பதுகூட அப்பாவுக்கு நல்லதுதான்.

கொஸ்லந்தைப் பக்கம்:

மிஸ்ஸி அம்மா சொன்ன அந்தப் பேச்சு முறையில் நானே உட்கார்ந்து எழுந்தவன். அதனால் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையில் மலை சரிந்ததற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மழை பெய்தாலே யாரும் தூங்குவதில்லை. சில வருஷம் கழித்து எங்கள் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) அபாயப் பகுதி என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லி, வேறு இடத்துக்கு மாற்றினார்கள். உயிருக்கு நல்லதுதான். ஆனால் பாட்டன் வைத்த கொய்யா மரம், கோவில், பக்கத்துக் காம்பரா ஆட்கள் எல்லாம் போய்விட்டது. புது வீட்டில் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பேன். கடையைத் திறக்கவே மனமில்லை. சுகமாகத்தானே இருக்கிறாய், வீடு கட்டிக் கொடுத்தார்களே என்று எல்லோரும் கேட்பார்கள், அதைக் கேட்டால் இன்னும் எரியும்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. கிராம சேவகர்தான் அனுப்பினார். காசு எதுவும் இல்லை. போனதும் முதல் நாள் முழுக்க நான்தான் பேசினேன். அடுத்த முறை மெதுவாக மூச்சு விடப் பழக்கினார். அதற்கடுத்து, நான் விட்டுவிட்ட வேலைகளை எழுதச் சொல்லி, மிகச் சின்னதாக ஒன்றை எடுக்கச் சொன்னார். நான் எடுத்தது, காலையில் கடைக் கதவைத் திறந்து அரை மணி நேரம் உட்காருவது. யாவாரம் செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. மனம் வந்தபிறகு செய்வோம் என்று இருந்தால் அது வராது, செய்ய ஆரம்பித்தால்தான் பின்னாலேயே வரும் என்றார். எனக்கு அப்படித்தான் நடந்தது. பழைய லயத்து ஆட்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதையும் ஒரு வேலையாகவே கொடுத்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஐந்து சந்திப்பு முறை ஒன்று இருக்கிறது, இதே நான்கு விஷயம்தான் அதில்: மூச்சு, பிரச்சினையைப் பிரித்துப் பார்ப்பது, வேலையைத் தொடங்குவது, ஆட்களைச் சேர்த்துக்கொள்வது. டொக்டர் இல்லாத இடத்தில் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே செய்யும்படி அமைத்தது. உங்கள் அப்பாவுக்கு என் மனதில் படும் சின்ன வேலை: அவருக்குத் தெரிந்ததை யாருக்காவது சொல்லிக் கொடுப்பது. இப்போது வீட்டிலேயே கையால் தேயிலை செய்து விற்கப் பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதம் பார்க்கத் தெரிந்த மூக்கு எங்கே கிடைக்கும்?

மஸ்கெலியா மகள்:

எல்லோருக்கும் நன்றி. மிஸ்ஸி அம்மா, நீங்கள் சொன்னபடி நேராகவே கேட்டேன். வாய் வரவில்லை, ஆனாலும் கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செய்யணும்னு நெனைக்கல. தூங்கி அப்படியே எழும்பாமப் போயிட்டா நல்லாருக்கும்னு தோணும்" என்றார். பிறகு என் தலையைத் தடவினார். மருந்துப் போத்தல்கள் இரண்டு அடுப்படி மூலையில் இருந்தன, தம்பி எடுத்துப் போய்விட்டான். மாத்திரை அம்மாவிடம். தலைவரிடமும் சொல்லிவிட்டோம், மருந்தடிக்குப் போட வேண்டாம் என்று உடனே கணக்கப்பிள்ளையிடம் பேசினார், மற்றப் பெக்டரி பற்றித் துரையிடம் கேட்பதாகவும் சொன்னார்.

இரண்டு விஷயம் மிச்சம். அங்கே தமிழில் பேச ஆள் இல்லையென்றால் திரும்பவும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டுமா? அம்மாவின் பயத்துக்கு என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பண்டாரவளை:

கேட்டீர்களே மகள், அது போதும். அப்பா சொன்ன அந்த வசனத்தை ஒரு வார்த்தை மாற்றாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். திகதி வரும்வரை வைத்திருக்காதீர்கள், வருகிற கிளினிக் நாளிலேயே போய், எழும்பாமல் போனால் நல்லது என்கிறார், குடிக்கவும் செய்கிறார் என்று வாசலிலேயே தாதியிடம் சொன்னால் முன்னால் எடுப்பார்கள். மாத்திரை அட்டையையும் கொண்டு போங்கள். அதுவரை ராத்திரியில் அவர் எழும்பும்போது வீட்டில் ஒருவராவது கூட இருங்கள். எப்படிச் செய்வது என்று யோசித்து வைத்திருப்பதாகவோ, செய்யப் போவதாகவோ சொன்னால் கிளினிக் நாளெல்லாம் பார்க்க வேண்டாம், எந்த நேரமானாலும் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு போய்விடுங்கள். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவனத்தினுடையது, இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது. அப்பா பேசாவிட்டாலும் நீங்கள் எடுத்து யோசனை கேட்கலாம்.

நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். தமிழ் பேசும் வைத்திய உத்தியோகத்தரோ, தாதியோ, சமூக சேவையாளரோ எந்த நாளில் இருப்பார் என்று மனநலப் பிரிவில் கேட்டு, அந்த நாளுக்குத் திகதி வாங்குங்கள். அங்கே முடியாவிட்டால் கொஸ்லந்தைத் தம்பி சொன்ன மாதிரி பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கேட்கும்போது "அப்பா ஆம்பிளையிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்" என்றால் அதையும் சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள்: கொப்பியில் இருப்பதை வைத்தியசாலை வெளியே சொல்லாது. கொப்பியை அலமாரியில் மற்றக் கொப்பிகளோடு வைத்தால் போதும். வரன் வீட்டார் கேட்டால், பெக்டரி மூடியதில் மனம் உடைந்துபோனார், மருந்து எடுக்கிறார் என்று உள்ளதைச் சொல்லலாம். பெக்டரி மூடிய தோட்டங்களில் இது விளங்காத வீடு இருக்காது. கிளினிக் போய்விட்டு வந்து என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.